பொறுதி கேளாத வாள்

அருட்பிரகாசம் என்ற பெயரை மக்டலீன் முதன்முதல் கேட்டது மாமியார் எமிலியின் வாயிலிருந்து. எமிலி அடுப்படியில் இருந்து மீன் அரிந்துகொண்டிருந்தாள். அவளுடைய கடைசி மகன் மரியதாஸ் ஆயுத இயக்கம் ஒன்றில் சேர்ந்து இந்தியாவுக்கென்று வள்ளம் ஏறி ஒரு மாரி கழிந்திருந்தது. போய்ச் சேர்ந்தான் என்றும் இல்லை, சேரவில்லை என்றும் இல்லை. எமிலி கத்தியை நிறுத்தாமல், "அருட்பிரகாசம் எண்ட ஓட்டிதான் ஏத்தினவனாம். அவன் மட்டும் திரும்பி வந்திட்டானாம்" என்றாள். அழவும் இல்லை, திட்டவும் இல்லை. பக்கத்தில் நின்ற மூத்த மகன் சவிரிமுத்து, மக்டலீனின் புருசன், அந்தப் பெயரை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தான். பிறகு அந்த வீட்டில் அந்தப் பெயர் பேசப்படவில்லை. மறந்ததால் அல்ல.

எண்பதுகளின் நடுவில் நடந்த கதை இது. கடலில் ஆட்களை ஏற்றி இறக்குகிறவர்களை ஓட்டி என்பார்கள். அருட்பிரகாசம் மன்னார்ப் பக்கத்துப் பிள்ளை. தகப்பனைக் கடல் கொண்டுபோனபின் வள்ளம் அவன் கைக்கு வந்தது. எந்த இயக்கத்திலும் அவன் சேரவில்லை. எந்த இயக்கம் கூலி தந்தாலும் அதன் பெடியன்களை ஏற்றுவான். இன்று இவர்களை, நாளை இவர்களைச் சுடத் திரிகிறவர்களை. அந்த நாளில் இயக்கங்கள் ஒன்றையொன்று தின்றன. நடுவில் ஓடியவன் இவன்.

காலம் ஆளை எங்கே கொண்டுபோய்ப் போடும் என்று யாருக்குத் தெரியும். சவிரிமுத்துவும் மக்டலீனும் நோர்வேக்கு வந்து, ஒஸ்லோவில் ஹவுகன்ஸ்டுவாவின் மாடிவீடுகளில் ஒன்றில் குடியேறி, மகள் கரோலினாவையும் வளர்த்தெடுத்தார்கள். அவன் பாரவண்டி திருத்தும் பட்டறையில் இரும்போடு நின்றான். அவள் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில் நின்றாள். ஊரில் சமாதானப் பேச்சு என்று சொல்லப்பட்ட வருசங்களில்தான் கோயில் பெருநாளுக்குக் கூத்துப் போடுவோம் என்ற எண்ணம் எழுந்தது. கூத்துப் பழக்கும் யூலியன் அண்ணாவியார் கையில் எடுத்தது அர்மாந்து நாடகம். அதை அவருக்குப் பழக்கியவர் மக்டலீனின் தகப்பன். ஆகையால் கூத்துக்காரர் எல்லோரும் மக்டலீனை "அண்ணாவியார் மகள்" என்றே மரியாதையாய்க் கூப்பிட்டார்கள். உடுப்புக் கட்டுகிற பொறுப்பு அவளுடையது.

அர்மாந்து கதையைத் தெரியாதவர்களுக்குச் சொல்லவேண்டும். ஐரோப்பாவில் அரசர்கள் ஒருவர் குரல்வளையை ஒருவர் பிடித்துத் திரிந்த காலத்தில், மண்ணும் இல்லாத மன்னனும் இல்லாத ஒரு குதிரைவீரன். வாளுக்குக் கூலி தருகிறவன் எவனோ அவனே அவனுக்கு அரசன். நவார் நாட்டரசனுக்காகத் தனி ஆளாய்ப் பாலம் காத்தான். நஞ்சுக் கிண்ணத்தை அதைக் கொடுத்த மந்திரியையே குடிக்கவைத்தான். முற்றுகைக்குள் கிடந்த கோட்டைக்குள் துறவி வேடத்தில் போய் மீண்டான். கடைசியில் கஸ்தீல் நாட்டுப் படை காட்டுக்குள் அவனை வளைத்துக்கொள்கிறது. வேடம் மாறி அவன் கூட்டத்தோடு நின்ற இளவரசன் பெலிப்பைக் கைநீட்டிக் காட்டிக்கொடுத்துவிட்டு, அர்மாந்து உயிரோடு போகிறான். பெலிப்பின் தமையன் பெர்னாந்து அவனைத் தேடி நாடுநாடாய் அலைந்து, அவன் காத்த அதே பாலத்தில் வைத்து வெட்டுகிறான். அதோடு கூத்து முடியும்.

பெர்னாந்து வேடம் சவிரிமுத்துவுக்கு. அர்மாந்துக்கு ஆள் கிடைக்கவில்லை. குரல் இருந்தவனுக்கு உடம்பு இல்லை, உடம்பு இருந்தவனுக்கு ஞாயிறு வேலை. ஒருநாள் பழக்கத்துக்கு, அதாவது ஒத்திகைக்கு, அண்ணாவியார் ஒருவனைக் கூட்டிக்கொண்டு வந்தார். வடக்கே பனிக்கடலோரம் மீன் தொழிற்சாலையில் கனகாலம் நின்றவன், இப்போது ஒஸ்லோவின் எல்லிங்ஸ்ருட்டுக்கு வந்திருக்கிறான், முதியோர் இல்லத்துக் குசினியில் சமையல் வேலை, தனிக்கட்டை, ஆனால் தொண்டை வெண்கலம் என்றார். வந்தவன் தலைநரைத்து, தோள் அகன்று, யாருடைய முகத்தையும் நேரே பாராமல் நின்றான். பாடச் சொன்னார்கள்.

"கூலிக்கு வாளெடுத்தேன் – எந்தக்
கோட்டைக்கும் நானுரித்தில்லேன்
நாளைக்கு யார்படையோ – என்
நாயகன் பேரறியேன்."

மண்டபம் சிலிர்த்தது. பெயர் என்ன என்று சவிரிமுத்துதான் கேட்டான். "அருட்பிரகாசம்" என்றான் வந்தவன்.

மக்டலீன் கையில் இருந்த சரிகை நாடா சுருளவிழ்ந்து தரையில் ஓடியது. அவள் புருசனைப் பார்த்தாள். அவன் சிரித்த முகமாய், "நல்ல பெயர்" என்றான். அந்தச் சிரிப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே அவள் குனிந்து நாடாவைச் சுருட்டினாள்.

ஒஸ்லோத் தமிழரிடம் ஒரு மரியாதை இருந்தது. என்ன வேலை, எத்தனை பிள்ளை, எந்த ஊர் என்றெல்லாம் துருவுவார்கள். எண்பதுகளில் எந்தப் பக்கம் நின்றாய் என்று மட்டும் கேட்கமாட்டார்கள். கேட்டால் ஒரு கலியாண வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து சாப்பிட முடியாது. அதனால் அண்ணாவியாரும் கேட்கவில்லை. கொன்றவன் கையில் வாளையும் செத்தவனின் தமையன் தலையில் முடியையும் அறியாமல் வைத்துவிட்டார் என்று மக்டலீன் நினைத்தாள்.

பழக்கம் நடந்தது. அருட்பிரகாசம் எல்லாம் ஆடினான், ஒன்றைத் தவிர. காட்டில் இளவரசனைக் காட்டிக்கொடுக்கும் இடத்தில் அவன் கை எழும்பவில்லை. முகவாயால் காட்டினான், வாளால் காட்டினான். அண்ணாவியார் சலித்துப்போனார். "தம்பி, கையை நீட்டு. கூலிவீரனுக்கு என்ன வெக்கம்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். சவிரிமுத்து சிரிக்கவில்லை. அவன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வாள்கள் செய்கிற வேலையை அவனே கேட்டு எடுத்தான். பட்டறைத் தகட்டில் வெட்டி, ஓரங்களை உருட்டி மொட்டையாக்கிக் கொண்டுவந்தான். வெள்ளித்தாள் சுற்றுவது மக்டலீன் வேலை. பெருநாளுக்கு முந்திய சனிக்கிழமை, கட்டில்மேல் பெர்னாந்தின் மேலங்கியை விரித்து நாடா தைத்துக்கொண்டிருந்தாள். ஊசி நூல் பக்கத்தில் கிடந்த வாளின் ஓரத்தில் படிந்தது. இழுக்கவில்லை, அறுக்கவில்லை. நூல் தானாகவே இரண்டாய் விழுந்தது.

அவள் ஊசியைக் கீழே வைத்தாள். பிறகு மற்ற வாள்களை ஒவ்வொன்றாய் எடுத்து விரலால் தடவினாள். எல்லாம் மொட்டை. பெர்னாந்தின் வாள் மட்டும் சாணை பிடித்திருந்தது.

அவன் வந்ததும் சாதாரணமாய்க் கேட்டாள். அந்தத் தகட்டை மட்டும் மொட்டையாக்க நேரம் கிடைக்கவில்லை என்றான். மொட்டையாக்க நேரமில்லாதவனுக்குக் கூராக்க நேரம் இருந்ததோ என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் அவன் இல்லை என்பான், பிறகு வாளை ஒளித்துவைப்பான். இருபது வருசம் சேர்ந்து வாழ்ந்தவளுக்கு அது தெரியும். அண்ணாவியாரிடம் சொன்னால் ஊரே அறியும், போலீஸ் அறியும். சொல்லாமல் விட்டால் நாளைக்கு ஒருவன் செத்து, ஒருவன் மறியல் சிறைக்குப் போய், கரோலினா கொலைகாரன் மகள் ஆவாள். கூத்தில் கை தவறிப் பட்டது என்றுதானே சொல்வான். யார் மறுப்பார்கள்? ஞாயிறு காலை வாளை மாற்றிவைக்கலாம் என்று பையைத் தேடினாள். அவன் அதைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றான்.

ஊரில் விடிய விடிய ஆடவேண்டிய கூத்து. இங்கே பள்ளிக்கூட மண்டபத்துச் சாவியை மாலையில் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று மத்தியானமே தொடங்கினார்கள். ரொம்மன், ஸ்டோவ்னர், எங்கெங்கோ இருந்தெல்லாம் சனம் வந்துவிட்டது. உடுப்பு மாற்றும் அறையில் சின்னப் பிள்ளைகள் சட்டை மாட்டும் கொளுவிகளில் ராசமுடிகள் தொங்கின. மக்டலீன் அருட்பிரகாசத்தின் மார்புக் கவசத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். அட்டையில் செய்த கவசம். அவள் நாடாவை இறுக்க, அவன் மெதுவாய், "அக்கா, இறுக்கவேண்டாம். அது தடுக்காது" என்றான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் கண் பெர்னாந்தின் இடுப்பில் தொங்கிய வாளின்மேல் இருந்தது. இவனுக்குத் தெரியும் என்று அவளுக்கு அப்போது விளங்கியது.

வெளியே மத்தளம் முழங்கத் தொடங்கிற்று. அண்ணாவியார் கையை அசைத்து, "வாருங்கோ, வாருங்கோ" என்று கூப்பிட்டார். அந்த அவசரத்தில் அவர் ஒன்றை மறந்தார், அல்லது சவிரிமுத்து மறக்கவைத்தான். அவர்கள் ஊர்க் கூத்தில் ஒரு முறை உண்டு. மேடையில் கொல்லப்போகிறவன், மேடை ஏறுமுன் சாகப்போகிறவனின் கையைப் பிடித்துப் பொறுதி கேட்கவேண்டும். கேளாமல் ஏறினால் கூத்தின் சாவு கூத்தோடு நிற்காது என்பார்கள். மக்டலீனின் தகப்பன் இதற்காக ஒருமுறை திரையைப் பாதியில் இறக்கியிருக்கிறார்.

அவள் நாடாவை விட்டாள். கதவருகே போய் நின்றாள்.

"பொறுதி கேக்கேல்லை" என்றாள்.

அண்ணாவியார் தலையில் கைவைத்தார். "ஓம் பிள்ளை, ஓம். நேரத்தைப் பாத்ததிலை விட்டிட்டன். சவிரி, கேளும்."

"அது ஊரிலை" என்றான் சவிரிமுத்து.

"ஊரிலை இல்லையப்பா. கூத்திலை. நீங்கள் கேக்காமல் ஒருத்தரும் இந்தக் கதவாலை போறேல்லை" என்றாள் மக்டலீன்.

இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க மறுக்க வழியில்லை. அவன் வந்தான். அருட்பிரகாசத்தின் வலது கையைப் பிடித்தான். சொல்லவேண்டிய சொல் எல்லோருக்கும் தெரியும்: இது உன்னைக் கொல்லப்போகும் கை, பொறுத்துக்கொள். அவன் வாய் திறந்தது, சொல் வரவில்லை. பிடித்த கையை விடவும் முடியவில்லை.

அருட்பிரகாசம்தான் பேசினான், அவனுக்கு மட்டும் கேட்கும்படி. ஆனால் கதவில் நின்ற மக்டலீனுக்கும் கேட்டது.

"அண்ணை, நீங்கள் கேக்கவேண்டாம். நீங்கள் ஆரெண்டு தெரிஞ்சுதான் வந்தனான். மணல் தீடையிலை ஒரு இயக்கப் பெடியள் மறிச்சவங்கள். வள்ளத்திலை இருந்தவங்களிலை ஆர் மற்ற இயக்கம் எண்டு கேட்டவங்கள். காட்டினால் உன்னை விடுறம் எண்டவங்கள். இந்தக் கையாலைதான் உங்கடை தம்பியைக் காட்டினனான்."

அண்ணாவியாருக்கு என்ன நடக்கிறதென்று விளங்கவில்லை. பொறுதி முடிந்ததென்று நினைத்து வாசலைத் திறந்துவிட்டார். சனத்தின் இரைச்சல் உள்ளே வந்தது. சவிரிமுத்து கையை உதறிவிட்டு வெளியே போனான், வாளோடு. மக்டலீனால் மறிக்க முடியவில்லை. வெளித்திரைக்குப் பின்னால் நின்று செபமாலையைப் பிடித்தாள். ஒரு மணியும் நகரவில்லை.

அருட்பிரகாசம் ஆடினான். பாலம் காத்தான், நஞ்சிலிருந்து தப்பினான், துறவியாய்க் கோட்டை புகுந்தான். சனம் கைதட்டிற்று. காட்டுக் காட்சி வந்தது. கஸ்தீல் படை வளைத்தது. அண்ணாவியார் தாளத்தை நிறுத்திக் காத்திருந்தார். அருட்பிரகாசம் வலது கையை நீட்டினான். முழங்கை மடியாமல், விரல் நடுங்காமல், இளவரசன் பெலிப்பை நோக்கி நீட்டினான். நீட்டிய கையை இறக்காமலே நின்றான். பக்கத்திரையில் நின்ற சவிரிமுத்து அதைப் பார்த்தான்.

பிறகு பாலம். ஜிம்னாஸ்டிக்குக்கு வைத்திருந்த, உட்காரும் நீள மரவாங்கு ஒன்றைக் குறுக்கே போட்டுச் செய்த பாலம்தான். இருவரும் வாள் மாற்றினார்கள். வாளோடு வாள் பட்டபோது அர்மாந்தின் வாளில் சுற்றிய வெள்ளித்தாள் துண்டுதுண்டாய்ப் பறந்தது. சனம் அதையும் ரசித்தது. முறைப்படி அர்மாந்து வாளை நழுவவிட்டு மண்டியிட்டான். தலையைக் கவிழ்த்தான், வாங்கில் கழுத்துப் படும்படி. அப்படி ஆடச் சொல்லி யாரும் பழக்கவில்லை.

பெர்னாந்து பாடவேண்டிய பாட்டு வரவில்லை. மத்தளக்காரர் அதே அடியைத் திரும்பத் திரும்ப அடித்தார். சவிரிமுத்து இரண்டு கையாலும் வாளை ஓங்கினான். மக்டலீன் கண்ணை மூடவில்லை. மூடியிருந்தால் நன்றாயிருக்கும் என்று பிறகு நினைத்தாள்.

வாள் இறங்கிற்று. மரம் பிளந்த சத்தம் கேட்டது. அர்மாந்தின் காதுக்கும் வாளுக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. வாள் வாங்குப் பலகைக்குள் இறங்கி, கை விட்டபின்னும் ஆடிக்கொண்டு நின்றது. அருட்பிரகாசம் அப்படியே கிடந்தான். திரை விழுந்தது. என்ன உருக்கமான நடிப்பு என்று முன்வரிசை எழுந்து நின்றது.

மங்களம் பாடச் செத்தவர்கள் எல்லோரும் எழும்பி வந்தார்கள். அருட்பிரகாசமும் எழும்பி நின்று பாடினான். பக்கத்தில் பெர்னாந்து நிற்கவேண்டிய இடம் வெறுமையாய் இருந்தது. வாளை வாங்கிலிருந்து பிடுங்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். பிடுங்கியவர்கள் அதன் ஓரத்தைப் பார்த்தார்கள், பிறகு மக்டலீனைப் பார்த்தார்கள். அவள் அதை வாங்கித் துவாய்த் துணியில் சுற்றினாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

வாகனத் தரிப்பிடத்தில் சவிரிமுத்து காருக்கு வெளியே நின்றான். அருட்பிரகாசம் அவனைக் கடந்து பஸ்ஸுக்குப் போனபோது, முகத்தைப் பாராமல் ஒரு கேள்வி கேட்டான்.

"எந்தத் தீடை?"

அருட்பிரகாசம் சொன்னான். கரையிலிருந்து எந்தப் பக்கம், எந்த நீரோட்டம், எங்கே புதைத்தார்கள் என்றெல்லாம் ஓட்டியின் கணக்கில் சொன்னான். சவிரிமுத்து கேட்டுவிட்டுக் காரில் ஏறினான். பொறுத்தேன் என்று சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவும் இல்லை.

அந்த மாரிக்கு முன்னமே, சவிரிமுத்து சொன்ன கணக்கை வைத்து, ஊரில் இருந்த எமிலி ஒரு வள்ளத்தில் அந்த மணல்திட்டுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தினாள். காற்று அணைத்தது, திரும்பக் கொளுத்தினாள் என்று கூடப் போனவர்கள் தொலைபேசியில் சொன்னார்கள். கேட்ட அன்று சவிரிமுத்து வேலைக்குப் போகவில்லை. மறுநாள் துவாயில் சுற்றிய வாளைப் பட்டறைக்கு எடுத்துப்போய் அறுத்துப் பழைய இரும்போடு போட்டான் என்று பிறகு மக்டலீனிடம் சொன்னான்.

கூத்து அதன்பின் போடப்படவில்லை. பெருநாள் பூசைகளில் சவிரிமுத்து குடும்பம் முன்வாங்கிலும் அருட்பிரகாசம் கடைசி வாங்கிலும் இருப்பார்கள். சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும் நேரத்தில் மக்டலீன் மட்டும் பின்னுக்குத் திரும்பித் தலையசைப்பாள்.

அருட்பிரகாசம் இப்போதும் எல்லிங்ஸ்ருட்டில் தனியே இருக்கிறான், அதே முதியோர் இல்லத்துக் குசினியில் வேலை செய்கிறான்.