விடலைத் தேங்காயும் அக்காவின் கண்ணும்

என்ன வேலை பார்க்கிறாய் என்று தாராவியில் யாராவது கேட்டாலே பேச்சை மாற்றிவிடுவேன். அணுக்கரு ஆராய்ச்சி என்றால், "பாம் செய்யுதியா?" என்பார்கள். அதனால் அக்காவிடம் விடலையைச் சொல்லி ஒப்பேற்றினேன். பிள்ளையார் முன்னால் ஓங்கி அடிக்கும் சிதறுகாய்க்கு எங்கள் திருநெல்வேலி வாயில் அதுதான் பெயர்.

"புத்துநோய்க் கட்டிக்குள்ள கார்பன் அணுவை வேகமா அடிப்பாங்கக்கா. அது விடலை மாதிரி உடையும். சில்லு எங்கெல்லாம் தெறிக்குதுன்னு பாக்குததுதான் என் சோலி. விண்வெளியிலயும் இதே கததான். கதிர் வந்து கப்பல் சுவர்ல மோதி உடையும், சில்லு உள்ள இருக்கவன் மேல படும்."

"சில்லு பொறுக்கவாலே இவ்வளவு படிச்ச?" என்றாள். எனக்கு இதுவும் வேண்டும், இன்னமும் வேண்டும்.

போன வருடம் அக்காவுக்கே கட்டி வந்தது. கண்ணுக்குப் பின்னால், மண்டையோட்டின் அடியில். அவள் ஜாக்கெட்டுக்கு ஆரி வேலை செய்கிறவள். ஊசி முனையில் மணி கோர்க்கும் கண் அது. புரோட்டான் கதிர் வைக்கலாம் என்றார் டாக்டர். அவரிடம் தலையாட்டிவிட்டு வெளியே வந்து என்னைப் பிடித்தாள்.

"ஏல, சில்லு என் கண்ணுல தெறிக்குமா?"

"இது வேறக்கா. புரோட்டான் அப்படி உடையாது. அது போய் முட்டுற அணுதான் துளி உடையும். அந்தத் துணுக்கும் தூரமா போகாது."

"துளின்னா எவ்வளவு?"

"அதைத்தான் அளந்துகிட்டு இருக்கோம்."

"இன்னும் அளந்து முடியலையா? வெளங்கிரும்!"

ஊரெல்லாம் போய் இதைப் பற்றிப் பேசுகிறவன் நான். அன்றைக்கு நன்றாகப் பயந்து போனேன்.

முதல் நாள் சிகிச்சைக்குப் போகும் வழியில், கோயில் வாசலில் அத்தான் தேங்காயை ஓங்கினார். "உடைச்சிராதீய! சிதறுனா போச்சு!" என்று அக்கா போட்ட சத்தத்தில் பொறுக்க நின்ற கூட்டமே பின்வாங்கியது. அத்தான் ஓங்கிய கையோடு திருதிருவென்று விழித்தார். தேங்காய் முழுசாக வீடு திரும்பி ஃபிரிட்ஜ் மேல் உட்கார்ந்தது. சிகிச்சை முடியும் வரை அந்த வீட்டில் யாரும் தேங்காய் உடைக்கக் கூடாது. அத்தனை வாரமும் இட்லிக்குத் தக்காளிச் சட்னிதான்.

எல்லாம் முடிந்து சில மாதங்களில் ஸ்கேன் பார்த்த டாக்டர், கட்டி அடங்கிவிட்டது என்றார். கண்ணைப் பற்றிக் கேட்டால், போகப் போகத்தான் தெரியும் என்றார். ஃபிரிட்ஜ் மேல் இருந்தது அழுகிப்போயிருந்தது. புதுத் தேங்காய் வாங்கிப் போய், அக்காவே ஓங்கி அடித்தாள். கூட்டம் பாய்ந்து பொறுக்கிக்கொண்டு போய்விட்டது.

அக்கா மட்டும் நகரவில்லை. தெருவின் எதிர்ப்பக்கம் கையை நீட்டிக் காட்டினாள்.

"அன்னா அங்க, அந்த ஸ்கூட்டர் சக்கரத்துக்கிட்ட ஒரு சில்லு கெடக்கு பாரு. போய் எடுலே, உன் சோலிதான அது!"

கண்ணாடி போட்ட எனக்கு ஒன்றும் தெரியவில்லை. போய்க் குனிந்தேன். நகத்தளவுச் சில்லு ஒன்று கிடந்தது. எடுத்தும் நிமிராமல் குனிந்தே இருந்தேன். அழுவதை அத்தான் பார்த்துவிடுவாரே.