பொன்னாடை போக மீந்த நேரம்

மற்றவர்களுக்காக வெட்கப்படுவதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. எங்கள் மொன்றியல் தமிழ்ச் சங்கக் கூட்டங்களில் யாராவது ஒலிவாங்கியை விடாமல் பிடித்துக்கொண்டு பேசினால், நான் குனிந்து காலில் போட்டிருக்கிற சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவர்களுக்கும் சேர்த்து நான் வெட்கப்பட்டுவிட்டதாக ஒரு நிம்மதி வரும். போன கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை வரை இந்த ஏற்பாடு எனக்கு வசதியாகவே இருந்தது.

அன்று ஐரோப்பாவிலிருந்து வந்த நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர் எங்கள் மண்டபத்துக்கு வந்தார்கள். அங்குள்ள நாடுகள் சேர்ந்து செய்கிற பாதுகாப்பு வேலைகள், கடற்காவல், வெளிநாட்டு விவகாரம் ஆகியவற்றை மேற்பார்வை செய்யும் குழு அது. கனடிய உறுப்பினர்களோடு பேசுவதற்காக மொன்றியல் வந்தவர்கள், குடியேறியவர்களின் சங்கங்களையும் கேட்க விரும்புவதாகச் சொல்லி எங்களுக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். எங்கள் சொந்தங்களில் பாதிப்பேர் ஐரோப்பாவில்தானே இருக்கிறார்கள். மொழிபெயர்க்க என்னைக் கேட்டார்கள். நான் சின்ன வயதிலேயே இங்கு வந்து பிரெஞ்சில் படித்தவன். ஆஸ்பத்திரிகளிலும் குடிவரவு விசாரணைகளிலும் எங்கள் ஆட்களுக்கு மொழிபெயர்ப்பதுதான் என் பிழைப்பு.

நான் உடனே சம்மதித்ததற்குக் காரணம் ஒரு பெண். நகரின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில், ஒரு மூன்றாம் மாடி வீட்டில் கணவனோடும் இரண்டு பிள்ளைகளோடும் இருக்கிறாள். ஆஸ்பத்திரித் துணிகள் வெளுக்கும் இடத்தில் வேலை. பிள்ளைகள் தங்களுக்குள் பிரெஞ்சில் கதைப்பார்கள். அவளுக்கு அதில் 'பொன்ஷூர்', 'மெர்சி'க்கு மேல் அதிகம் போகாது. அவளுடைய தம்பி ஐரோப்பாவுக்குப் போகவென்று ஆபிரிக்கக் கரையிலிருந்து படகேறியவன். படகு மத்தியதரைக் கடலில் கவிழ்ந்தது. தப்பியவர்களில் ஒருவன் அவளுக்குத் தொலைபேசியில் சொன்னான்: படகு ஓட்டம் நின்று தண்ணீர் ஏறத் தொடங்கியபோது ஒரு வெள்ளை விமானம் மேலே வந்து வட்டமிட்டது. எல்லோரும் சட்டையைக் கழற்றி வீசிக் காட்டினார்கள். விமானம் போய்விட்டது. கப்பல் வந்தது மறுநாள்தான். அதற்குள் தம்பி இல்லை.

அந்த விமானம் யாருடையது, அதிலிருந்தவர்கள் படகைப் பார்த்தார்களா, பார்த்திருந்தால் யாருக்குச் சொன்னார்கள் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். அவ்வளவுதான். யாரையும் சிறையில் போடச் சொல்லவில்லை. கேட்ட இடத்திலெல்லாம், அது பாதுகாப்பு விஷயம், வெளியே சொல்ல முடியாது என்றே பதில் வந்தது.

குழு வருவதற்கு முந்திய வாரம் அவளுடைய குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதைப்பற்றிக் கதைத்தோம். நான் பெரிய மனிதன் மாதிரி விளக்கினேன். விமானம் ஓட்டுகிறவர்கள் உனக்குப் பதில் சொல்ல மாட்டார்கள், அமைச்சர்களும் சொல்ல மாட்டார்கள், ஆனால் இந்தக் குழு கேட்டால் சொல்லித்தான் ஆகவேண்டும், கதவைப் பூட்டிக்கொண்டாவது பதிவுகளைக் காட்டவேண்டும் என்றேன்.

"அந்தக் குழுவாலை உத்தரவு போடேலுமோ?" என்று கேட்டாள்.

"உத்தரவு போடேலாது தங்கச்சி. கேள்வி கேக்கலாம். அவையின்ர வேலையே அதுதான்."

"அப்ப அவையிட்ட ஆர் கேக்கிறது?"

"நாங்கள்தான் கேக்கவேணும். நேரிலை கேட்டால் அவையின்ர அறிக்கையிலை ஏறும். பேந்து அதை ஒருத்தரும் மூடி மறைக்கேலாது."

அவள் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, கேள்வியை எனக்குச் சொல்லிக் காட்டினாள். முதலில் நீளமாக இருந்தது; அழுகையும் வந்தது. நான் வெட்டினேன். தம்பியின் வயது, படகு போன நாள், விமானம், மூன்று கேள்வி. இரண்டு நிமிடத்துக்குள் அடங்கவேண்டும் என்று கறாராகச் சொன்னேன். வேலைக்குப் போகும்போது பஸ்ஸில் சொல்லிப் பார்ப்பதாக அவள் சொன்னாள். அப்படியே செய்தும் இருக்கிறாள்.

மண்டபம் நகரின் வடக்கே அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் பகுதியில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் அறை. விருந்தினர்கள் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார்கள். எங்கள் ஆட்கள் வழக்கம்போல அதை எதிர்பார்க்கவில்லை. குத்துவிளக்குக்குத் திரி தேடினார்கள். விளக்கேற்றி, கனடிய கீதம் பாடி, இறந்தவர்களுக்காக ஒரு நிமிடம் மௌனமாக நின்றோம். பிறகு எங்கள் சங்கத் தலைவர் வரவேற்புரை நிகழ்த்தினார். தலைவர் கெட்டவர் அல்ல. ஓய்வுபெற்ற கணக்காளர், மண்டபத்துக் கதிரைகளைத் தானே அடுக்குகிறவர். ஆனால் ஒலிவாங்கியைக் கண்டால் ஆள் மாறிவிடுவார். தமிழின் தொன்மையில் தொடங்கினார். நான் அதை முடிந்த அளவு சுருக்கி மொழிபெயர்த்தேன்.

அதன் பிறகு பொன்னாடை. எங்கள் மரியாதை எல்லாம் பொன்னாடையில்தான் இருக்கிறது. விருந்தினர் ஒவ்வொருவருக்கும் ஒன்று; அதைப் போர்த்துவதற்கு, நிகழ்ச்சிக்கு உதவிய கடைக்காரர்களிலிருந்து ஒவ்வொருவரை மேடைக்கு அழைக்கவேண்டும். அழைக்கும்போது அவர்கள் செய்த சேவையைச் சொல்லவேண்டும். ஒருவரை விட்டால் அடுத்த வருடம் அவர் வரமாட்டார். போர்த்தியதும் படம். படம் எடுக்கிறவர் திருப்தியில்லாமல் மறுபடியும் போர்த்தச் சொன்னார். வடக்கு நாடொன்றிலிருந்து வந்த உயரமான அம்மா கம்பளிக் கோட்டுக்கு மேல் சரிகை ஆடையோடு வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். குழுத் தலைவர் வயதானவர். முழங்காலில் ஒரு சின்னக் கொப்பி, கையில் பென்சில். எழுத ஏதாவது கிடைக்குமா என்று காத்திருந்தார். நான் வழக்கம்போல என் சப்பாத்தைப் பார்க்கத் தொடங்கினேன்.

அப்போது என் பெயரையும் கூப்பிட்டார்கள். மொழிபெயர்ப்பாளருக்கும் பொன்னாடையாம். நான் வேண்டாம் என்று கையசைத்தேன், எல்லோரும் செய்கிறமாதிரி. பிறகு எழுந்துபோய்த் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன். என் சேவைகளைச் சொன்னார்கள். எனக்கு அது பிடித்திருந்தது என்பதை மறைப்பதில் பிரயோசனமில்லை. இரண்டாம் வரிசையில் அந்தப் பெண் தம்பியின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு எனக்கும் கைதட்டினாள்.

கேள்வி நேரம் என்று நிகழ்ச்சி நிரலில் இருந்தது. அதற்கு முன் செயலாளரின் நன்றியுரை நுழைந்தது, ஏனென்றால் அவர் மகளைப் பரதநாட்டிய வகுப்பிலிருந்து கூட்டிவரப் போகவேண்டியிருந்தது. அவர் முடித்தபோது குழுவோடு வந்த உதவியாளர், ஒரு இளம்பெண், எழுந்து கதவருகே போய் நின்றாள். வெளியே வாகனம் வந்துவிட்டது.

குழுத் தலைவர் எழவில்லை. கொப்பியைத் திறந்து என்னைப் பார்த்துப் பிரெஞ்சில் கேட்டார்: நாங்கள் திரும்பிப் போனதும் எங்கள் குழுவில் எழுப்பவேண்டிய விஷயம் ஏதாவது உங்களிடம் இருக்கிறதா? மரியாதைக்குக் கேட்ட கேள்வி அல்ல. பென்சில் தயாராக இருந்தது.

சங்கத் தலைவர் என் பக்கம் சரிந்து, "என்னவாம்?" என்றார்.

சொன்னேன்.

அவர் கதவைப் பார்த்தார். மேடையைப் பார்த்தார். "நேரம் போட்டுது. இன்னும் எல்லாரோடையும் சேந்து படம் எடுக்கேல்லை. பிரத்தியேகமா ஒண்டும் இல்லை, வந்ததே பெரிய சந்தோசம் எண்டு சொல்லிவிடுங்கோ."

இரண்டாம் வரிசையில் அவள் எழுந்து நின்றிருந்தாள். நான் கண்டேன். காணவில்லை என்று சொல்ல எனக்கு ஆசைதான், ஆனால் கண்டேன். கையை உயர்த்தவில்லை, நான் கூப்பிடுவேன் என்று நம்பி நின்றாள். "இந்த அம்மாவுக்கு ஒரு கேள்வி இருக்கிறது" என்று சொல்ல ஒரு மூச்சு போதும். வாகனம் காத்திருந்திருக்கும். சங்கத் தலைவர் ஒரு கிழமை முகத்தைத் திருப்பியிருப்பார். விருந்தாளிகளைப் போகிற நேரத்தில் சங்கடப்படுத்தக்கூடாது என்று எங்களுக்குள் ஒரு பழக்கம் இருக்கிறது; அதுவும் ஒரு காரணம். ஆனால் உண்மையான காரணம், தோளில் பொன்னாடையோடு நிற்கிறபோது, அதைப் போட்டவர்கள் முகம் சுளிக்கும்படி ஒரு சொல் சொல்ல என்னால் முடியவில்லை.

பிரத்தியேகமாக எதுவும் இல்லை என்று சொன்னேன். அதோடு நிறுத்தியிருந்தால் சங்கத் தலைவருடைய சொல்லை மொழிபெயர்த்தேன் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். நிறுத்தவில்லை. இவ்வளவு தூரம் வந்து எங்களோடு அமர்ந்திருந்ததே எங்கள் கவலைகளுக்குப் பதில் என்று என் கைச்சரக்கையும் சேர்த்து, அழகான பிரெஞ்சில் ஒரு நீண்ட வசனம் சொன்னேன். கிழவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கொப்பியில் ஒரு வரி எழுதி மூடினார். எழுந்து சபையை நோக்கிக் கைகூப்பினார். எல்லோரும் கைதட்டினார்கள். என் பிரெஞ்சு மிகவும் நன்றாக இருக்கிறது என்று போகும்போது சொல்லிவிட்டுப் போனார்.

ரோல்ஸும் தேத்தண்ணியும் முடிந்ததும் அவளை வீட்டில் விட என் காரில் ஏற்றினேன். வெளியே மழையும் பனியும் கலந்து கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு சிவப்பு விளக்கில் நின்றபோது, "எப்ப பதில் வரும் அண்ணை?" என்று கேட்டாள்.

எனக்கு விளங்கவில்லை.

"நீங்கள் நீளமாக் கேட்டியள். அவர் எழுதினவர். நான் பாத்தனான். பேந்து கும்பிட்டவர்." அவள் குரலில் அன்றுதான் முதன்முறையாகக் கொஞ்சம் லேசு இருந்தது. "நான் சொல்ல வெளிக்கிட்டால் அழுதிருப்பன். நீங்களே கேட்டது நல்லதாப் போச்சு."

விளக்கு பச்சையானதை நான் கவனிக்கவில்லை. பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்தான். காரை ஓரமாக நிறுத்தினேன். "இல்லைத் தங்கச்சி, அதைக் கேக்கேல்லை. நேரம் காணாமல் போட்டுது. இப்ப போனால் ஹோட்டலிலை அவையைப் பிடிக்கலாம்" என்றேன். பாதி உண்மை. பாவம், நேரத்தின்மேல் பழியைப் போட்டேன்.

அவள் கையிலிருந்த படத்தைப் பார்த்தாள். பிறகு எனக்கு ஆறுதல் சொன்னாள்.

"உங்களிலை என்ன பிழை. ஆளாளுக்குக் கதைச்சு நேரத்தை முடிச்சுப்போட்டினம். வாங்கோ, போவம்."

அந்த ஆறுதலையும் வாங்கிக்கொண்டேன். வழி முழுக்க அவள் பஸ்ஸில் சொல்லிப் பழகியதைத் திரும்பவும் எனக்குச் சொல்லிக் காட்டினாள். நான் நல்லது, நல்லது என்றேன்.

நகர மத்தியில் அவர்கள் தங்கியிருந்த ஹோட்டலின் வரவேற்பறையில் உறுப்பினர்கள் இல்லை. விருந்தொன்றுக்குப் போய்விட்டார்கள், அங்கிருந்து நேராக விமான நிலையமாம். அந்த உதவியாளர் மட்டும் பெட்டிகளைக் கணக்குப் பார்த்துக்கொண்டு நின்றாள். காலடியில் ஒரு பையில் எங்கள் பொன்னாடைகள் கசங்கிக் கிடந்தன. நான் வணக்கம் சொல்லி, இந்த அம்மாவுக்குக் குழுவிடம் ஒரு கேள்வி இருக்கிறது, கூட்டத்தில் கேட்கச் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை என்றேன்.

உதவியாளர் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். முகத்தில் கோபம் இல்லை. உண்மையிலேயே குழம்பிப்போனாள்.

"ஆனால் எங்கள் தலைவர் நேரடியாகக் கேட்டாரே. பிரத்தியேகமாக எதுவும் இல்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? நாங்கள் வந்ததே உங்கள் கவலைகளுக்குப் பதில் என்றும் சொன்னீர்கள். தலைவர் அதை எழுதிக்கொண்டார். இன்றைய சந்திப்பின் பதிவில் அதுதான் போகும்."

பக்கத்தில் நின்றவள் என் கையைத் தொட்டாள். "என்னவாம் அண்ணை?"

இருபது வருடமாக இந்த வேலை செய்கிறேன். புற்றுநோய் என்று மொழிபெயர்த்திருக்கிறேன். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்று மொழிபெயர்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அது வேறொருவருடைய சொல். அன்றைக்கு எனக்கு வழுக்கிப்போக எத்தனையோ வழிகள் இருந்தன. அவளுக்குப் பிரெஞ்சு தெரியாது. உதவியாளருக்குத் தமிழ் தெரியாது. நேரம் இல்லையாம், கடிதம் எழுதட்டாம் என்று ஏதாவது சொல்லிக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அவள் முகத்தைப் பார்த்தபோது என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

"அவையின்ர தலைவர் கேட்டவராம், ஏதும் சொல்ல இருக்கோ எண்டு. நான் ஒண்டும் இல்லையெண்டு சொன்னனானாம். அவை வந்ததே எங்களுக்குப் பதில் எண்டும் சொன்னனானாம்." அதற்கு மேல் என் தமிழ் தடுமாறியது. "உண்மைதான். நான்தான் சொன்னனான். நீ எழும்பி நிண்டதையும் பாத்தனான்."

அவள் என்னைத் திட்டவில்லை. என் கையைத் தொட்டிருந்த விரல்களை எப்போதோ எடுத்துவிட்டிருந்தாள். ஈரக் கோட்டின் பொத்தான்களைக் கழற்றி, உள்ளேயிருந்து தம்பியின் படத்தை எடுத்து உதவியாளரிடம் நீட்டினாள். அந்தப் பெண் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு அதை இரண்டு கையாலும் வாங்கினாள்.

"இனி நான் சொல்லுறதை மட்டும் சொல்லுங்கோ" என்று என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

தம்பியின் வயதிலிருந்து தொடங்கினாள்.