அந்தோணியாரிடம் கொடுத்த தீர்ப்பு

கை முழங்கைவரை உள்ளே போன பிறகும் காகிதம் தட்டுப்படவில்லை. சகாயசெல்வி கண்ணாடிக் கூட்டின் ஓரத்தில் கன்னத்தை அழுத்திக்கொண்டு அந்தோணியார் சிலையின் கால்களுக்குப் பின்னால் துழாவினாள். அணைந்த மெழுகுத்திரிக் கட்டைகள், ஹால் டிக்கெட் நகல்கள், விசா தாள்கள், யாரோ ஒருத்தியின் ஸ்கேன் படம். அந்தச் சிற்றாலயத்தின், குருசடியின், வாசலில் அவள் கணவன் சிலுவைதாசன் காவல் நின்றான். வெயில் கடலில் இறங்கிக்கொண்டிருந்தது.

“கிட்டிச்சா?”

“பேசாம நில்லும். களவாணி மாதிரி இருக்கு எனக்கு.”

“நீ வச்சத நீதானட்டி எடுக்க.”

“வச்சது அவருக்கு.”

இந்தக் கரையில் வேண்டுதல் பலித்தால் அதற்கான காகிதத்தின் நகலை அந்தோணியாரின் காலடியில் வைப்பார்கள். செல்வி நகல் வைக்கவில்லை. ஒரு அடிதடி வழக்கில் விடுதலை ஆனபோது, கோர்ட் முத்திரை பதித்த தீர்ப்பையே கொண்டுவந்து வைத்துவிட்டாள். புனிதருக்கு நகல் கொடுப்பது அரை மனதாக நன்றி சொல்வதுபோல அவளுக்குப் பட்டது.

அந்த வழக்கு ஏழு வருடம் நடந்தது. கடற்கரை ஏலத்தில் அவள் எடுத்த அயிலை மீனை வேறொருத்திக்குக் கொடுக்க, ஏலம் விடும் சத்தியராஜ் அவள் மீன் சுமக்கும் அலுமினியச் சருவத்தைப் பிடித்து இழுத்தான். அவள் விடவில்லை. அவன் வழுக்கி விழுந்து முழங்கை ஒடிந்தது. சருவத்தால் அடித்தாள் என்று போலீசில் எழுதிக் கொடுத்தான். வாய்தா நாட்களில் மீன் வாடை போக அவள் இரண்டு முறை குளிப்பாள். அப்படியும் பெஞ்சில் பக்கத்தில் இருப்பவர்கள் தள்ளி உட்காருவார்கள். வராந்தாவில் நின்று அவள் பெயரை மூன்று தடவை கூப்பிடுவார்கள். சிலுவைதாசன் அவித்த மரச்சீனிக் கிழங்குப் பொதியோடு வெளியே வாகை மரத்தடியில் இருப்பான். கடைசியில் குற்றம் இல்லை என்று விட்டார்கள்.

ஐந்து மாதம் கழித்து மறுபடி சம்மன் வந்தது. அதே தேதி, அதே சருவம், அதே முழங்கை. இந்த முறை போலீஸ் இல்லை. சத்தியராஜே நேராகக் கோர்ட்டில் வழக்குப் போட்டிருந்தான். நாளைக்கு முதல் வாய்தா.

இன்று காலையில்தான் வக்கீல் இந்துஜா போன் செய்தாள்.

“ஒருக்க விசாரிச்சு விட்ட காரியத்துக்கு மறுபடி விசாரணை கிடையாதுக்கா. அது அவனுக்கும் தெரியும். ஜெயிக்கவா போட்டிருக்கான்? உங்கள நடக்கவைக்கப் போட்டிருக்கான். முத்திரை உள்ள தீர்ப்பக் காட்டிட்டா நாளைக்கே முடிச்சிரலாம். உங்க கையிலதானே இருக்கு?”

“கையில இல்ல.”

“யாருகிட்ட இருக்குக்கா?”

“அந்தோணியாருகிட்ட.”

“அவருகிட்ட கேட்டு வாங்கிட்டு வாங்க. புதுசு எடுக்க ரெண்டு வாரம் ஆவும். அதுக்குள்ள அவன் சாட்சியக் கூட்டிட்டு வந்திருவான்.”

அவளுக்கு இப்போது ஐம்பத்துநாலு வயது. இன்னொரு ஏழு வருடம் என்றால் அறுபத்தொன்று. ஆனால் கொடுத்ததைத் திரும்ப எடுத்தால், கிடைத்த விடுதலையும் கூடவே போய்விடும் என்று பகல் முழுக்கப் பயந்துகொண்டிருந்தாள்.

விரலில் மடித்த தாள் பட்டது. மெல்ல இழுத்தாள். ஒரு மூலையில் மெழுகு ஒழுகி உறைந்திருந்தது. முத்திரை தெளிவாக இருந்தது. எடுத்துக்கொண்டு நகர அவளால் முடியவில்லை.

“என்னட்டி?”

“மனசு வரமாட்டேங்கு.”

சிலுவைதாசன் பக்கத்தில் வந்து நின்றான். “ஒனக்கு ரெண்டு பேரு ஜாமீன் நின்னாங்கல்லா. அதுபோல இவருக்கும் எதையாவது வச்சிட்டு எடு.”

அவள் தன்னைத்தானே பார்த்துக்கொண்டாள். காதில் இருந்தது கவரிங். இடுப்பில் சும்மாடு செருகியிருந்தது. பழைய சேலையைக் கிழித்துச் சுருட்டியது. சருவத்துக்கும் தலைக்கும் நடுவில் எத்தனையோ வருடமாக இருந்து அவள் தலையின் வடிவத்துக்கே குழிந்துபோயிருந்தது. அதை எடுத்தாள்.

“நாறுமே,” என்றாள்.

“மீனுக்குப் பிரசங்கம் வச்ச ஆளாக்கும் அவரு. இந்த நாத்தம் அவருக்குப் புதுசா?”

அவள் சிரித்துவிட்டாள். சும்மாட்டைப் புனிதரின் காலடியில் வைத்துத் தகரக் கதவைக் கொக்கி போட்டாள். தாளில் ஒட்டியிருந்த மெழுகை அவன் நகத்தால் சுரண்டப் போனான். வேண்டாம் என்று கையைத் தட்டிவிட்டாள்.

மறுநாள் பதினொரு மணிக்குக் கூப்பிட்டார்கள். மாஜிஸ்திரேட் தீர்ப்பைப் படித்தார். சம்பவம் ஒன்றுதானா என்று சத்தியராஜின் வக்கீலைக் கேட்டார். அவர் ஒன்றுதான் என்றார். வழக்கை அத்தோடு முடித்தார்கள். தீர்ப்பைக் கோர்ட் காகிதக் கட்டோடு சேர்த்துக்கொண்டார்கள், திரும்பத் தரவில்லை. செல்வியும் சிலுவைதாசனும் பஸ் ஸ்டாண்டில் மரச்சீனியைப் பிரித்துச் சாப்பிட்டார்கள். நாலு மணிக்குக் கரைக்கு அயிலை வந்தது. திருப்பி வைக்கத் தாள் இல்லாததால் சும்மாடு குருசடியிலேயே இருந்தது. சிலுவைதாசன் தோளில் கிடந்த துவர்த்துத் துண்டைச் சுருட்டி அவள் தலையில் வைத்து, சருவத்தைத் தூக்கிவிட்டான். ஐந்தரைக்குள் மீன் விற்றுத் தீர்ந்தது.