கூராஜ் டானிக்

அந்த டானிக்கின் பெயரை எங்கள் வீட்டில் யாரும் ஒரே மாதிரி சொன்னதில்லை. சிங்கத்தின் வாயைப் பிளக்கும் மீசைக்காரர் படத்துக்குக் கீழே அதைப் பெரிய ஆங்கில எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். ஒன்றாம் வகுப்பு படித்த நான் எழுத்துக்கூட்டினால் 'கவ்ராகி' என்று வரும். அப்பா 'கேரேஜ்' என்பார். மதுரையில் வாழ்க்கைப்பட்ட அத்தை 'குரேசு' என்பாள். நெல்லித்தோப்பு மருந்துக்கடைக்காரர் 'கரேஜ்' என்று சொல்லிவிட்டு, மற்றவர்கள் சொல்வதை ஒரு சிரிப்போடு பொறுத்துக்கொள்வார்.

டானிக் அம்மாவுக்கு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சுவரைப் பார்த்துப் படுத்தவள், எழுந்திருக்கவே இல்லை. சாப்பாடு இறங்கவில்லை, பேச்சும் இல்லை. ஏன் என்று கேட்டால், "ஒடம்பு வீக்கா இருக்குடி, நீ போய் வெளயாடு" என்பார் அப்பா. எனக்கு விளையாட்டு ஓடாது. அம்மா இனி எழுந்திருக்கவே மாட்டாளோ என்று பயமாக இருந்தது.

ஒருநாள் சாயங்காலம் கட்டிலருகிலேயே அப்பாவுக்கும் அத்தைக்கும் தகராறு மூண்டது.

"குரேசு டானிக்க ரெண்டு மூடி குடுத்தா எந்திரிச்சிருவாண்ணே" என்றாள் அத்தை.

"கேரேஜுன்னு சொல்லு. தெரியலன்னா கம்முனு இரு."

"கேரேஜா? உங்க ஊர்ல வண்டிக்கா டானிக் குடுக்குறீங்க?"

பெயரைப் பிடித்துக்கொண்டு சண்டை வளர்ந்ததே தவிர, மருந்தை ஊற்ற யாருக்கும் ஞாபகமில்லை. அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்போதுதான் அம்மாவின் அண்ணன் வந்தார். மாமா பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்தவர். எங்கள் தெருவில் அவரை 'சொல்தா' என்றுதான் சொல்வார்கள். பிரான்சிலேயே தங்கிவிட்டவர், செய்தி கேட்டுப் பெட்டியோடு நேரே வந்திருந்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "கூராஜ்மா. கூராஜ்."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்த 'ரா' அவர் தொண்டைக்குள் எங்கோ உருண்டு வந்தது. கடைசி எழுத்து 'ஜ'வா 'ஷ'வா என்று பிடிபடாமல் கரைந்துபோனது. ஆக, இதுதான் சரியான பெயர்! பெயரைத் தப்பாகச் சொன்னால் மருந்து எப்படி வேலை செய்யும்? ஓடிப்போய் அலமாரியிலிருந்து புட்டியை எடுத்து மாமாவிடம் நீட்டினேன்.

"இந்தாங்க மாமா, கூராஜ்."

அம்மா திரும்பினாள். புட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகி, மாமாவின் தோளில் சாய்ந்து தெருவுக்கே கேட்கும்படி அழுதாள். ஓய்ந்த பிறகு என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, "ஊத்துடி, குடிக்கிறேன்" என்றாள். அன்று கொஞ்சம் ரசம் சோறும் சாப்பிட்டாள்.

சரியாகச் சொன்னால் ஒரு பெயருக்கு இவ்வளவு சக்தியா என்று மலைத்துப்போனேன். மருந்துக்கடைக்காரரையே திருத்தினேன்: "கூராஜ்னு சொல்லுங்கண்ணே, அப்பதான் மருந்து கேக்கும்." வகுப்பில் யாருக்காவது காய்ச்சல் என்றால் அவர்கள் காதில் போய் அதை ஓதினேன். மாமாவை விடப் பெரிய வைத்தியர் உலகத்தில் இருக்க முடியாது என்று நம்பினேன்.

பெரிய வகுப்பில் பிரெஞ்சு எடுத்த பிறகுதான் தெரிந்தது, மாமா மருந்தைக் கேட்கவே இல்லை என்று. மனசு உடைந்தவர்களிடம் 'தைரியமா இரு' என்று சொல்ல பிரெஞ்சுக்காரர்களுக்கு அந்த ஒரு வார்த்தை போதும். ஆங்கிலத்திலும் எழுத்து அதேதான், பொருளும் அதேதான். வீட்டுக்கு ஓடி, சிரித்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா சிரிக்கவில்லை. அரிசி களைந்துகொண்டிருந்த கையை நிறுத்தி, "ஒனக்கு ஒரு தம்பி பொறக்க வேண்டியது. அஞ்சாம் மாசமே போய்ட்டான். சின்னப் புள்ளகிட்ட எப்பிடிச் சொல்றதுன்னுதான் வீக்குன்னு சொல்லி வச்சோம்" என்றாள்.

அன்று கட்டிலைச் சுற்றி இருந்த எல்லோருக்கும் அது தெரியும். அவனுக்கு அக்காவாக இருந்த எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.