மாலி அக்கா என் முடியைக் கேட்டார்

போன சனிக்கிழமை காலை ஒருவர் கையில் கத்தரிக்கோலோடு என் அறை வாசலில் வந்து நின்றார். "உன் தலைமுடி கொஞ்சம் வேண்டும். நகமும் தந்தால் நல்லது" என்றார் ஆங்கிலத்தில். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

நான் கதவைச் சாத்தினேன்.

கேட்டவர் மாலி அக்கா. தாய்லாந்துக்காரர், ஐம்பது வயது, முதியோர் இல்லத்தில் வேலை. லண்டன் ஈஸ்ட் ஹாமில் நான் குடியிருக்கும் வீட்டில் எதிர் அறை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது இரண்டு நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தவர். அவரா? என் முடியையா? எதற்கு?

எதற்கு என்று ஒரு தமிழனுக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ன...

வெளியே காலடிச் சத்தம் அடங்கியதும் மெல்லக் கீழே இறங்கினேன். சமையலறையில் வீட்டுக்காரர் பரமண்ணை ஆடாமல் அசையாமல் நின்றிருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், கீழ்த்தளத்தில் இருக்கிறார். அவர் பார்வை போன இடத்தை நானும் பார்த்தேன்.

மேசையில் வாழைத்தண்டுத் துண்டுகளைக் குச்சியால் கோத்து ஒரு படகு. சுற்றிலும் மடித்த வாழையிலை, செவ்வந்திப் பூ, ஊதுபத்தி மூன்று, மெழுகுவத்தி ஒன்று. நடுவில் — ஒரு கொத்து முடி. பிறை பிறையாக நகத்துண்டுகள். எலுமிச்சம்பழமும் குங்குமமும்தான் பாக்கி!

"தம்பி, உது செய்வினை."

"இருக்காதுண்ணே..."

"என்ன இருக்காது? போன மாசம் பொயிலர் போனது. போன கிழமை என்ரை முழங்கால் போனது. இப்பதான் காரணம் விளங்குது. உடனை அறையை விடச் சொல்லு."

"நானா?"

"நீதானே ரெண்டு டிகிரி வச்சிருக்கிறாய். இங்கிலிஸிலை பக்குவமாச் சொல்லு. அந்த மனுசியின்ரை முகத்தைப் பாத்துச் சொல்ல என்னாலை ஏலாது. பாவம், நல்ல மனுசி."

நல்ல மனுசியாம். துரத்த வேண்டுமாம். லண்டனில் இந்தக் குளிரில், இருக்கிற அறைத் தட்டுப்பாட்டில் அவர் எங்கே போவார்? இதை நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. "சரிண்ணே" என்றேன்.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி அடுத்து நான் செய்த காரியம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மா சீப்பில் சிக்கும் முடியை உருட்டி, மூன்று தரம் துப்பிவிட்டுத்தான் எறிவார். "அறிவியல் படிச்சவன் சொல்றேன், அதுல ஒண்ணுமில்லம்மா" என்று எத்தனை முறை சிரித்திருக்கிறேன்! அந்த நான், மாடியேறியதும் நேராகக் குளியலறைக்குப் போனேன். என் சீப்பிலிருந்த முடியை எடுத்து டாய்லெட்டில் போட்டு ஃப்ளஷ் செய்தேன். ஒரு முறை அல்ல, இரண்டு முறை.

படித்ததெல்லாம் எங்கே போயிற்று? அதையும் சேர்த்துத்தான் ஃப்ளஷ் செய்தேனோ?

'அறையை விட வேண்டும்' என்பதை ஆங்கிலத்தில் நாலு விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு அவர் கதவைத் தட்டினேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார்.

"நாளைக்கு எங்கள் லோய் கிரத்தோங் திருவிழா. வாழைத்தண்டுப் படகில் விளக்கேற்றித் தண்ணீரில் விடுவோம். தண்ணீரை அழுக்காக்கியதற்கு அந்தத் தண்ணீர்த் தாயிடம் மன்னிப்புக் கேட்போம். நம் முடியையும் நகத்தையும் வைத்தால், பிடித்திருக்கும் கெட்ட காலமும் அதோடு போய்விடும் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். உனக்கு மூன்று இன்டர்வியூவும் கைவிட்டுப் போயிற்றே... அதற்குத்தான் கேட்டேன்."

கெட்டதை ஏவ உதவும் என்று நாம் பயப்படுகிற அதே முடி, அதே நகம் — அவர்களுக்குக் கெட்டதை அனுப்பிவைக்க! அதுவும் என்னுடையதை!

கீழே போய்ப் பரமண்ணையிடம் சொன்னேன். அவர் அசையவில்லை.

"அவ சொல்லுவா. ஆர் கண்டது? நாளைக்கு நானும் வாறன். பாத்திட்டுத்தான் அறையைப் பற்றி முடிவு."

ஞாயிறு மதியம் அவர் காரிலேயே போனோம். தென்மேற்கு லண்டனில் மரங்களுக்கு நடுவே ஒரு தாய்லாந்துக் கோயில், பின்னால் குளம். யார் வேண்டுமானாலும் போகலாம். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைய வேண்டும், புத்தரைப் பார்த்துக் காலை நீட்டக் கூடாது, அவ்வளவுதான். அங்கே விற்ற பச்சைப் பப்பாளி சாலட்டை வாயில் வைத்தால் நம் காரமெல்லாம் காரமே இல்லை. சித்திரையில் நமக்கு வருடம் பிறக்கும் நாட்களில் அவர்களுக்கும் புத்தாண்டாம். சோங்கிரான் என்று ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றுவார்களாம்.

நாலரை மணிக்கே இருட்டிவிட்டது. குளம் முழுக்க விளக்குகள். வெள்ளைக்காரப் பிள்ளைகள்கூடப் படகு விட்டுக்கொண்டிருந்தார்கள். உளவு பார்க்க வந்த பரமண்ணை கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். மாலி அக்கா தன் படகைத் தண்ணீரில் வைக்கக் குனிந்தபோது பரமண்ணை என் முழங்கையை இடித்தார்.

"தம்பி, கேட்டுச் சொல்லு. எனக்குத் தலையிலை ஒண்டுமில்லை. நகம் மட்டும் குடுத்தாக் காணுமோ?"

கேட்டுச் சொன்னேன். மாலி அக்கா விழுந்து விழுந்து சிரித்து, கத்தரிக்கோலை நீட்டினார். பரமண்ணை பத்து விரல் நகத்தையும் வெட்டிப் படகில் போட்டார்.

"அண்ணே, அந்த அறை..." என்று இழுத்தேன்.

"எந்த அறை? சும்மா இரு, விளக்கு அணைஞ்சிடும்."

காரில் திரும்பும்போது மாலி அக்கா கேட்டார்: "நேற்று ஏன் கதவைச் சாத்தினாய்?"

"போன் வந்தது" என்றேன்.

மாலி அக்காவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இவ்வளவும் எழுதினேன்.