எல்லா அறையிலும் தூங்கியவர்

ஊரடங்கு தளர்ந்து கோயில் திறந்த முதல் வாரம், மகனுக்கு மொட்டை போட ஸ்ரீரங்கம் போனோம். இன்னும் ஒரு மாதம் பொறுத்திருக்கலாமோ என்று பஸ்ஸில் வழி முழுக்க என்னையே கேட்டுக்கொண்டு வந்தேன்.

நாங்கள் தங்கிய சின்ன லாட்ஜை நடத்திய அம்மா குள்ளமானவர். முகக்கவசம் அடிக்கடி சரிந்து மூக்குத்தி எட்டிப் பார்க்கும். பேசும்போதே பக்கத்திலிருக்கும் ஸ்விட்சை எல்லாம் போட்டுப் போட்டு அணைப்பார்.

"கடைசியா இந்த ரூம்ல யார் தங்கினாங்க?" என்று கேட்டேன். என் கணவர் சங்கடத்தோடு தலை குனிந்துகொண்டார்.

"நான்தாம்மா!" என்று அந்த அம்மா சிரித்தார். "கொரோனான்னு லாட்ஜைப் பூட்டச் சொல்லிட்டாங்க. ஆள் படுக்காத ரூம்ல ஈரவாடை ஏறிடும், குழாய் அடைச்சுக்கும். அதான் தினம் ஒரு ரூம்னு நானே மாத்தி மாத்திப் படுத்தேன். வாடகை தராத கிராக்கி நீ ஒருத்திதான்னு எங்க வீட்டுக்காரர் கேலி பண்ணாரு. வித்துடலாம்னு புள்ளைங்க நச்சரிச்சாங்க. ஜனங்க வருவாங்கடான்னு சொல்லிட்டேன். நீங்க இதையே எடுத்துக்கோங்க. அடுத்த ரூம்ல ஃபேன் கடகடங்கும், குழந்தை முழிச்சுக்கும்."

மொட்டை போட்டு, கோயிலுக்கும் போய்விட்டு மாலையில் திரும்பினோம். லாட்ஜ் வாசலில் சேலத்திலிருந்து வந்த வேன் நின்றது. பெரிய குடும்பம் ஒன்று பைகளோடு படியேறிக்கொண்டிருந்தது. எதிரே அந்த அம்மா தன் தலையணையைக் கக்கத்தில் இடுக்கியபடி இறங்கி வந்தார்.

"எல்லா ரூமும் போயிடுச்சு. இன்னிக்கு எனக்கே இடமில்லம்மா!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

கூட்டத்தைக் கண்டாலே பதறுகிற எனக்கு, அந்தப் படிக்கட்டு நிறைந்திருந்ததில் ஏன் அவ்வளவு சந்தோஷம் என்று இன்னும் புரியவில்லை.