கடகடவென்று படித்த சங்கவி

சின்ன வகுப்பு டீச்சர் வேலைக்கு வருகிறவர்கள் முதலில் விட்டொழிக்க வேண்டியது, காதில் விழுவதை நம்பும் பழக்கத்தை. பிள்ளைகள் ஒரே குரலில் பாடம் வாசிக்கும்போது வராண்டாவில் போகிற யாருக்கும் உள்ளே படிப்பு பிய்த்துக்கொண்டு போகிறது என்றுதான் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. உங்களில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவர்கள் இருப்பீர்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளையோடு தினமும் சாயங்காலம் மல்லுக்கட்டுகிறவர்களும் இருப்பீர்கள். நான் சொல்லப்போவது உங்களுக்குப் பழகிய வலிதான்.

நான் செங்கல்பட்டில் ஐந்தாவது வரை தமிழிலும் அதற்குப் பிறகு இங்கிலீஷிலும் படித்தவள். கல்யாணமாகி வெளிநாடு போய், அங்கே ஒரு பள்ளியில் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு அவர்கள் பாஷையையே வாசிக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஐம்பதை நெருங்கும் வயதில் ஊர் திரும்பினேன். இப்போது கிழக்குக் கடற்கரைச் சாலையில், சவுக்குத் தோப்புக்குப் பின்னால் இருக்கிற ஒரு சின்னப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குத் தமிழும் சூழ்நிலையியலும் எடுக்கிறேன்.

மின்விசிறி காட்டிக்கொடுத்தது

வகுப்பிலேயே நன்றாக வாசிக்கிற பிள்ளை என்று சங்கவியைத்தான் எனக்கு அறிமுகப்படுத்தினார்கள். அவள் எழுந்து நின்று ஒரு வரி வாசிப்பாள், மற்றவர்கள் பின்னாலேயே சொல்வார்கள். முற்றுப்புள்ளி, காற்புள்ளி எதற்கும் நிற்காமல் எக்ஸ்பிரஸ் ரயில் மாதிரி போவாள். ஒருநாள் அப்படி வாசித்துக்கொண்டிருக்கும்போது மின்விசிறிக் காற்றில் புத்தகம் படபடவென்று புரண்டு, பாடம் போய்ப் பயிற்சிக் கேள்விகள் வந்துவிட்டன. சங்கவி நிற்கவில்லை. கேள்விகள் மேல் விரலை ஓட்டிக்கொண்டே பாடத்தைக் கடைசி வரி வரை வாசித்து முடித்தாள்.

மத்தியானம் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். ஒரு பாடத்தை இரண்டு தரம் காதால் கேட்டால் போதும், அவளுக்கு மனப்பாடமாகிவிடும். எழுத்துகளும் அப்படித்தான், பாட்டாகவே தெரியும். ‘ம’ எது என்று கேட்டால் ‘க ங ச’விலிருந்து பாடிக்கொண்டே வந்து அங்கே இறங்குவாள். பக்கத்தைப் பார்த்து மெதுவாகச் சொல் என்றேன். கொஞ்ச நேரம் பக்கத்தைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “பொஸ்தகத்த பாத்தா மறந்துடுது மிஸ்.”

பீரோவில் இருக்கும் புத்தகம்

எங்கள் ஹெச்.எம். மேடத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. பொங்கல் லீவு முடிந்ததும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தன் அறைக்குக் கூப்பிட்டு, பீரோவிலிருந்து ஒரு கதைப்புத்தகத்தை எடுத்து ஒரு பக்கம் வாசிக்கச் சொல்வார். வாசிக்க வராத பிள்ளை ஆண்டு முடியும் வரை தமிழ் நேரத்துக்கு ஒன்றாம் வகுப்பில் போய் உட்கார வேண்டும். இது தண்டனை இல்லை, உதவி என்பது அவருடைய வாதம்.

சங்கவியின் தம்பி தினேஷ் அந்த ஒன்றாம் வகுப்பில்தான் இருக்கிறான். வீட்டில் அவன் அவளுடைய அடிமை. தினமும் அவனை உட்கார வைத்து, கையில் குச்சியோடு டீச்சர் விளையாட்டு விளையாடுகிறவள் அவள். அவன் பக்கத்தில் போய் ‘அ’ எழுதுவது என்றால் ஒரு எட்டு வயசுப் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய மானக்கேடு கிடையாது. பீரோவில் இருக்கும் புத்தகத்தை யாரும் அவளுக்கு முன்கூட்டியே வாசித்துக் காட்டப்போவதில்லை என்று மெதுவாக எடுத்துச் சொன்னேன். அவள் அழவில்லை. எல்லா வாசலையும் பார்த்துவிட்டு ஒரு வழிதான் மிச்சம் என்பதுபோலக் கேட்டாள்: “தினேஷ ஸ்கூல வுட்டு நிறுத்திட முடியுமா மிஸ்?”

நட்ட மரமும் வெட்டிய மரமும்

தமிழ்ப் புத்தகத்தில் எந்தப் பாடத்தை எடுத்தாலும் அவளுக்கு ஏற்கெனவே மனப்பாடம். அதனால் வாசிப்பை மற்ற பாடங்களுக்குள் கடத்திக்கொண்டு போவது என்று முடிவு செய்தேன். முதலில் மாட்டியவர் செய்யூரிலிருந்து பைக்கில் வரும் கணக்கு செல்வம் சார். வாக்கியக் கணக்கைப் பலகையில் எழுதி, தானே உரக்க வாசித்து, “இது கூட்டல்” என்று தானே சொல்லியும் விடுவார். பிள்ளைகளுக்கு மிச்சம் இருப்பது விரலை மடக்குவது மட்டும்தான். ஒரே ஒரு நாள் வாசிக்காமல் விட்டுப் பாருங்கள் என்று கெஞ்சி, நானும் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன்.

அவர் எழுதியது, தோப்பில் நாற்பத்தைந்து சவுக்கு மரங்கள் இருந்தன, மேலும் பன்னிரண்டு நட்டார்கள் என்ற கணக்கு. அரை வகுப்பு பன்னிரண்டு மரத்தை வெட்டிச் சாய்த்திருந்தது. சங்கவியும்தான். முதலில் வருவது பெரிய எண்ணாக இருந்தால் கழித்தல், சின்ன எண்ணாக இருந்தால் கூட்டல், இதுதான் சார் அவர்களுடைய சட்டம் என்றேன். செல்வம் சார் பலகையையும் பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்தார். நியாயம் என்று பட்டிருக்க வேண்டும், ஆனால் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. “கணக்குல கத படிச்சிகினு இருந்தா, கணக்க எப்ப போட்றது மேடம்?”

நின்ற இடத்தில் வேர்த்தது

அப்படிச் சொன்னாரே தவிர, மறுநாளிலிருந்து செல்வம் சார் பலகையில் எழுதிவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றார். அந்த தைரியத்தில் பி.டி. அந்தோணி சாரைப் பிடித்தேன். பி.டி. பீரியடில் படிப்பா, பிள்ளைகள் என்னை மதிக்குமா என்றார். விசில் ஊதி வாயால் சொல்வதற்குப் பதில் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள், வாசித்த பிள்ளை விளையாடட்டும் என்றேன். முதல் நாள் எல்லாருக்கும் ஒரே மாதிரி சீட்டு. சங்கவி பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து, அது குதித்தால் குதித்தாள், உட்கார்ந்தால் உட்கார்ந்தாள். அந்தோணி சார் அதைக் கவனித்துவிட்டார். அடுத்த தடவை ஆளுக்கொரு சீட்டு, ஒன்றைப் போல ஒன்று இல்லை.

மற்ற பிள்ளைகள் நொண்டியடித்துக்கொண்டும் தவளை மாதிரி தாவிக்கொண்டும் மைதானத்தில் சிதறிவிட்டார்கள். சங்கவி மட்டும் சீட்டை மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. நானும் அவளோடு சேர்ந்து மனதுக்குள் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தேன். பீரியட் முடிகிற நேரத்தில் திடீரென்று ஓடிப்போய் வேப்ப மரத்தைத் தொட்டுவிட்டு, அங்கேயே மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். சீட்டில் இருந்ததும் அதுதான், மரத்தைத் தொடு. அந்தோணி சார் விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். “நின்ன எடத்துல நின்னு ஒரு புள்ளைக்கு வேர்த்து இப்பதான் பாக்கறேன் மேடம்.”

கடற்கரைப் பலகை

சூழ்நிலையியலில் கடலோர உயிர்கள் பாடம் வந்தபோது வகுப்பையே கடற்கரைக்கு அழைத்துப் போனேன். தெருமுனை திரும்பினால் கடல் என்பதால் பிள்ளைகளுக்கு அதில் புதுமை எதுவும் இல்லை. நண்டு வளையை எனக்குத்தான் காட்டினார்கள். மணலில் ஒரு தகரப் பலகை நின்றது. சென்னையிலிருந்து வண்டி பிடித்து வந்த ஒரு கூட்டம் அதன் மேல் சட்டையெல்லாம் தொங்கவிட்டுவிட்டு, அலையில் குதித்துக் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தது.

சங்கவி அந்தப் பலகையின் முன்னால் நின்றுவிட்டாள். நடக்கப் பழகிய நாளிலிருந்து அதைப் பார்க்கிறவள்தான். பக்கத்து ரிசார்ட்டின் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தாளாம். தொங்கிய ஒரு சட்டைக் கையைத் தள்ளிவிட்டு, எழுத்தின் மேல் விரலை வைத்து, ‘இங்கே’ வரை போய், மூச்சு வாங்கி, ‘குளிக்கக்’ என்று இழுத்து, ‘கூடாது’வில் வந்து இறங்கினாள். பலகையைப் பார்த்தாள், தண்ணீரில் இருந்தவர்களைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அத்தனை பெரிய ஆட்களைப் பார்த்து அவள் முகத்தில் இரக்கம்தான் இருந்தது. “பாவம் மிஸ், இவங்களுக்கும் படிக்க வராதா?”

அம்மா வந்தார்

இதையெல்லாம் பார்த்து எனக்குத் தலை கொஞ்சம் கனத்துப்போயிருந்த நேரத்தில்தான் சங்கவியின் அம்மா மீனா வந்து நின்றார். ரிசார்ட்டில் அறை சுத்தம் செய்கிற வேலை, யூனிஃபார்மோடு நேராக வந்திருந்தார். பொண்ணு வாசிப்பதை ராத்திரி சமைத்துக்கொண்டே கேட்பதுதான் அவருக்கு டி.வி., ரேடியோ எல்லாம். இப்போது அந்த ரேடியோ கரகரக்கிறது. வரிக்கு வரி நிற்கிறாள், போன வார்த்தைக்கே திரும்பி வருகிறாள், கடைசியில் தெரியவில்லை என்று சொல்லிவிடுகிறாள்.

முன்னால் அவள் வாசிக்கவில்லை, ஒப்பித்தாள், இப்போதுதான் வாசிக்கிறாள் என்று சொல்ல வேண்டும். இதை விளக்க இங்கிலீஷில் என்னிடம் ஒரு கட்டு வார்த்தை இருக்கிறது. வெளிநாட்டில் அதை வைத்துக்கொண்டு மேடையில்கூடப் பேசியிருக்கிறேன். அத்தனை நாள் பெருமையோடு காது கொடுத்துக் கேட்ட ஒரு தாயிடம், நீங்கள் கேட்டது வாசிப்பே இல்லை என்று சொல்வதற்கு எந்த பாஷையிலும் வார்த்தை கிடைக்கவில்லை. பொங்கல் வரை பொறுத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. “கடகடன்னு படிச்சிகினு இருந்த பொண்ணு மிஸ், நீங்க வந்து இன்னா பண்ணீங்க அத?”

யானை ஏறிய பஸ்

பொங்கல் முடிந்து ஹெச்.எம். அறையில் சங்கவியின் முறை வந்தது. வகுப்பு டீச்சர் என்று நானும் ஓரமாக நின்றேன். பேசக் கூடாது, உதட்டைக்கூட அசைக்கக் கூடாது என்பது ஏற்பாடு. பீரோவிலிருந்து வந்த புத்தகத்தில் ஒரு யானை பஸ்ஸில் ஏறுகிற கதை. அவளுக்கு முன்னால் போன பிள்ளைகள் ஓரளவு சரளமாக வாசித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

சங்கவி ‘யா’வில் ஆரம்பித்தாள். அங்கேயே நின்றாள். ‘யானை’ வருவதற்குள் ஹெச்.எம். ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். பஸ் வந்தது, ஏறியது, கண்டக்டர் வந்தார், எல்லாம் மாட்டுவண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட லாரி வேகத்தில். போன வருஷம் ஆண்டு விழாவில் மைக் முன்னால் பொழிந்து தள்ளிய பிள்ளையா இது என்ற கேள்வி ஹெச்.எம். முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. அவர் பேனா மூடியைத் திறந்துவிட்டார். ஒன்றாம் வகுப்பு டீச்சரைக் கூப்பிட மணியின் பக்கம் கை போனது.

அப்போது சங்கவி வாசிப்பதை நிறுத்தினாள். விரலை ஒரு வரி மேலே கொண்டுபோய் மறுபடியும் வாயசைத்துப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். வாயைப் பொத்திக்கொண்டும் அடங்கவில்லை. என்ன சிரிப்பு என்று ஹெச்.எம். கேட்டார். “யானைய போயி ‘உள்ள போ, உள்ள போ’ன்னு தள்றாரு மேடம் கண்டக்டரு” என்று சொல்லிவிட்டு மறுபடியும் குலுங்கினாள்.

ஹெச்.எம். புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி அந்த வரியை வாசித்தார். மணியின் மேல் இருந்த கை மேஜைக்கு வந்தது. நீ உன் வகுப்புக்கே போ என்றார். சங்கவி கதை முடியவில்லை என்று தயங்க, புத்தகத்தை அவள் கையிலேயே கொடுத்து அனுப்பினார். அவள் வாசித்துக்கொண்டே வராண்டாவில் நின்று நின்று போனாள், அடுத்த பக்கத்தில் யானை டிக்கெட் வாங்குகிறது போலிருக்கிறது. ஹெச்.எம். என்னிடம் சொன்னார்: “இந்தப் பக்கத்த எங்கிட்ட எத்தனையோ பிள்ளைங்க படிச்சிட்டாங்க, ஒருத்தர் சிரிச்சதில்ல. மத்தவங்களையும் திரும்பக் கூப்பிடுங்க.”

ஒரு பிள்ளையை நிஜமாக வாசிக்க வைத்துவிட்டால் இந்த வேலையில் நமக்குக் கிடைக்கும் பரிசு, மிச்ச வகுப்பு மொத்தத்தையும் முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லும் உத்தரவுதான்.